புதிய நிலமும் தப்பி வந்தவரும்: அமெரிக்கா உள்நாட்டுப் போரை எப்படி வந்தடைந்தது?

1861 ஏப்ரலில் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் மூண்டது என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கும். அடிமைமுறையை ஒழிப்பதற்காக வடக்கு தெற்கின் மீது போர் தொடுத்தது என்பது ஒன்று. அது மாநில உரிமைகளுக்கான போர், அடிமைமுறை அதில் ஒரு சாக்கு மட்டுமே என்பது மற்றொன்று. போருக்கு ஒரு மாதம் முன்பு குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், அடிமைமுறை ஏற்கெனவே உள்ள மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். எனவே முதல் பதில் அவசரப்பட்டது. பிரிந்து சென்ற மாநிலங்களோ தாங்கள் ஏன் பிரிகிறோம் என்பதை எழுதியே வைத்தன. அவற்றைப் படித்தவர் எவரும் இரண்டாவது பதிலை ஏற்க முடியாது.

அப்படியானால் சண்டை எதைப் பற்றியது? எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாடு இரண்டு கேள்விகளில் சிக்கித் தவித்தது. புதிதாகச் சேரும் நிலங்களில் அடிமைமுறை நுழையலாமா என்பது முதல் கேள்வி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த மனிதரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கடமை மற்றவர்களுக்கு உண்டா என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், பாடநூல்களில் வரிசையாக வரும் சட்டங்களும் சமரசங்களும் ஒரே கதையாக விளங்கும்.

கேள்விகள் இரண்டும் அரசியலமைப்பிலேயே புதைந்திருந்தன. 1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள் அந்த ஆவணத்தில் 'அடிமை' என்ற சொல்லையே எழுதவில்லை. ஆனால் அடிமைமுறைக்கான ஏற்பாடுகளைத் தெளிவாகச் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை நாடாளுமன்றம் தடை செய்ய முடியாது. ஒரு மாநிலத்திலிருந்து தப்பி இன்னொன்றுக்குச் செல்பவரை உரியவர் கேட்டால் ஒப்படைக்க வேண்டும். பிரதிநிதிகள் சபையில் இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஒரு கணக்காகப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். ஒரு மாநிலத்தில் 5 லட்சம் வெள்ளையரும் 5 லட்சம் அடிமைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாக்குரிமை வெள்ளைய ஆண்களுக்கு மட்டுமே. ஆனால் அந்த மாநிலத்துக்குக் கிடைக்கும் இடங்களோ 8 லட்சம் பேருக்கு உரியவை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளும் அதே அளவில் கூடும். எவரை விலைக்கு வாங்கி விற்றார்களோ, அவர்களின் தலைகளை எண்ணியே அவர்களை விற்பவருக்கு அதிகாரம் கூடுதலாக வழங்கப்பட்டது.

இது காலப்போக்கில் தானாகத் தேய்ந்து மறையும் என்று அன்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓரளவு காரணமும் இருந்தது. வடமாநிலங்கள் ஒவ்வொன்றாக அடிமைமுறையைக் கைவிட்டு வந்தன. ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த பரந்த நிலத்தில் அது 1787-லேயே தடை செய்யப்பட்டது. போக்கை மாற்றியது பருத்தி. அமெரிக்கத் தெற்கின் உட்பகுதிகளில் நன்கு விளைந்த குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு இறுக ஒட்டியிருக்கும். கையால் பிரித்தால் ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் ஒரு ராத்தல் பஞ்சு தேறுவதே அரிது. பருத்திக்கொட்டையைக் கையால் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1793-இல் ஈலை விட்னி உருவாக்கிய ஜின்னிங் இயந்திரம் இந்தத் தடையை உடைத்தது. இங்கிலாந்தின் நூற்பாலைகள் எவ்வளவு பஞ்சு வந்தாலும் வாங்கக் காத்திருந்தன. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் ஏறத்தாழ 40 லட்சமானது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பி, அலபாமா, லூசியானா ஆகியவற்றின் பருத்திக் காடுகளுக்குப் பத்து லட்சம் பேர் அளவில் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலும் தாய் ஓரிடமும் பிள்ளை ஓரிடமுமாக. போருக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியிலிருந்தே வந்தது. அடிமைகளுக்கு இடப்பட்ட சந்தை மதிப்பு, நாட்டின் ரயில்பாதைகளிலும் ஆலைகளிலும் போட்டிருந்த முதலைவிட அதிகம். இவ்வளவு பெரிய சொத்தை வைத்திருப்பவர்கள் அதைக் காக்க அரசியலைப் பயன்படுத்தாமல் இருக்கப் போவதில்லை.

அரசியலில் அவர்கள் கண் வைத்த இடம் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட். மக்கள்தொகை எவ்வளவாயினும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அங்கே இரண்டு இடங்கள். குடியேறிகள் வடக்கையே நாடியதால் பிரதிநிதிகள் சபையில் தெற்கின் பங்கு, ஐந்தில் மூன்று கணக்கு இருந்தும், சுருங்கிக்கொண்டே வந்தது. செனட்டில் சமநிலை இருக்கும்வரை தங்களுக்கு எதிரான எந்தச் சட்டமும் நிறைவேறாது என்று தெற்கு கருதியது. அதனால்தான் மேற்கே ஒவ்வொரு புதிய மாநிலம் பிறக்கும்போதும் அது எந்தப் பக்கம் என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று.

1819-இல் மிசௌரி மாநிலமாகச் சேர விண்ணப்பித்தபோது இது முதன்முறையாக வெடித்தது. அலபாமா சேர்ந்ததும் இரு பக்கமும் பதினொன்றுக்குப் பதினொன்று என்று நின்றன. மிசௌரியில் அடிமைமுறையைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்று நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் கொண்டுவந்த திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வென்று செனட்டில் தோற்றது. 1820-இல் ஒரு சமரசம் பிறந்தது: மிசௌரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலமாகவும் சேரும், பிரான்சிடமிருந்து லூசியானா என்ற பெயரில் வாங்கிய பெரும் நிலப்பரப்பின் எஞ்சிய பகுதியில், 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது. முதிய தாமஸ் ஜெபர்சன், அவரே அடிமைகளை வைத்திருந்தவர், இந்தச் சச்சரவு நள்ளிரவில் ஒலிக்கும் தீ விபத்து மணியைப் போலத் தம்மை அச்சத்தில் எழுப்பியதாக ஒரு கடிதத்தில் எழுதினார். கோடு கிழித்தவர்களுக்கு முப்பது ஆண்டு அமைதி கிடைத்தது. கோட்டுக்குத் தெற்கே வாழ்ந்த அடிமைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு சமரசத்திலும் விலை கொடுத்தவர்கள் அவர்களே என்பதை இந்த வரலாற்றைப் படிக்கும்போது நாம் மறக்கக் கூடாது.

அந்த அமைதிக்குள்ளும் நிலம் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. 1831-இல் பாஸ்டனில் வில்லியம் லாயிட் கேரிசன் உடனடி விடுதலை கோரும் பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். தெற்கு பதறியது. அடிமைமுறை தவிர்க்க முடியாத ஒரு தீமை என்று முன்பு சொல்லிவந்த தெற்கத்தியத் தலைவர்கள், அது இரு இனத்துக்குமே நன்மை என்று பேசத் தொடங்கினார்கள். 1837-இல் செனட்டில் ஜான் கால்ஹூன் அதை வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதியைப் பிரதிநிதிகள் சபை இயற்றியிருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடி 1844-இல் அதை நீக்க வைத்தார். அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்தியர் பலரையும்கூட இந்த விதி உறுத்தியது. மனு கொடுக்கும் உரிமை தங்களுடையது அல்லவா?

1846-இல் மெக்சிகோவுடன் போர் தொடங்கியது. வெல்லப்போகும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்று பென்சில்வேனிய உறுப்பினர் டேவிட் வில்மட் அந்த ஆகஸ்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனால் வாக்குகள் விழுந்த விதம் கவனிக்கத்தக்கது. அதுவரை நாட்டை ஒன்றாகக் கட்டியிருந்தவை டெமாக்ரட், விக் என்ற இரண்டு கட்சிகள். இரண்டுக்கும் வடக்கிலும் தெற்கிலும் ஆட்கள் இருந்தார்கள். இந்தத் திருத்தத்தில் வடக்கத்தியர் கட்சி வேறுபாடின்றி ஒரு பக்கமும் தெற்கத்தியர் மறுபக்கமும் திரண்டார்கள். கட்சி என்ற கயிறு பிரியத் தொடங்கியது இங்கேதான்.

1850-இல் இன்னொரு சமரசம் நடந்தது. கலிபோர்னியா சுதந்திர மாநிலமாயிற்று. இன்னும் மாநிலமாகாத நியூ மெக்சிகோ, யூட்டா பிரதேசங்களில் முடிவு அங்கே குடியேறுபவர்களிடம் விடப்பட்டது. தலைநகர் வாஷிங்டனில் அடிமை வணிகம் நிறுத்தப்பட்டது. இவற்றுக்கு ஈடாகத் தெற்கு பெற்றது தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கான கடுமையான ஒரு சட்டம். போருக்கான பாதையில் மிக முக்கியமான திருப்பம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சட்டத்தின்படி, பிடிபட்டவர் தம் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. முடிவெடுப்பவர் ஓர் ஆணையர். பிடிபட்டவரை உரிமை கோரியவரிடம் ஒப்படைத்தால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம். விடுவித்தால் 5 டாலர். ஒப்படைக்கும்போது எழுத்துவேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதிகாரி அழைத்தால் வழியில் போகும் குடிமகனும் பிடிப்பதற்கு உதவ வேண்டும். தப்பியவருக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தால் 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அதுவரை அடிமைமுறை எங்கோ தெற்கில் நடக்கும் காரியம் என்று இருந்தவர்களின் வாசலுக்கே அது வந்து நின்றது.

வந்து நின்றதைப் பாஸ்டன் கண்ணால் பார்த்தது. ஆண்டனி பர்ன்ஸ் என்ற இளைஞர் 1854 தொடக்கத்தில் வர்ஜீனியாவின் ரிச்மண்டிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி, பாஸ்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து வந்தார். தம் சகோதரருக்கு அவர் எழுதிய கடிதம் உரிமையாளரின் கையில் சிக்கியது. மே 24 மாலை, நகைக்கடையில் திருடியதாகப் பொய்க் குற்றம் சாட்டி அவரைப் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்து அவரை மீட்க முயன்றதில் காவலர் ஒருவர் உயிரிழந்தார், மீட்பு பலிக்கவில்லை. ஜூன் 2 அன்று, ஏறத்தாழ 50,000 பேர் தெருவின் இருபுறமும் நின்று பார்க்க, படைவீரர்கள் சூழப் பர்ன்ஸ் துறைமுகத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. தெருவின் குறுக்கே 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப ஒரு நகரத்தையே படையால் நிரப்ப வேண்டியிருந்தது. பழமைவாதச் சமரசக்காரர்களாக இரவு படுத்துத் தீவிர அடிமை ஒழிப்பாளர்களாகக் காலையில் எழுந்தோம் என்று பாஸ்டனின் செல்வந்தர் ஏமஸ் லாரன்ஸ் எழுதினார். நாட்டின் அரசியல் மாறுவது இப்படி ஆட்கள் மாறுவதால்தான்.

பர்ன்ஸ் காவலில் இருந்த அதே நாட்களில், மே 30 அன்று, கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தாகியது. அதைக் கொண்டுவந்தவர் இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். மேற்கு நோக்கிய ரயில்பாதைக்கு வழி செய்ய அந்தப் பிரதேசங்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. தெற்கின் ஆதரவுக்கு அவர் கொடுத்த விலை, அங்கே அடிமைமுறையைத் தடுத்திருந்த 1820-இன் கோடு. அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுபவர்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என்று சட்டம் சொன்னது. கேட்பதற்கு மக்களாட்சியின் குரலாகவே இது ஒலித்தது. ஆனால் ஒரு மனிதர் இன்னொருவரின் உடைமையா என்பதை அந்த உடைமையாக்கப்படுபவர் நீங்கலாக மற்றவர்கள் வாக்கெடுத்துத் தீர்மானிப்பதை மக்களாட்சி என்று சொல்ல முடியாது. லிங்கன் அந்த இலையுதிர்காலத்தில் ஊர் ஊராகப் பேசியதன் சாரம் இதுதான். விக் கட்சி சிதறியது. அடிமைமுறை பரவுவதை எதிர்ப்பவர்கள் கூடிக் குடியரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அக்கட்சி கேட்டது அடிமைமுறை புதிய பிரதேசங்களுக்குப் பரவாமல் நிறுத்துவதை. இருக்கும் இடத்தில் ஒழிப்பதை அல்ல.

வாக்களித்து முடிவு செய்யலாம் என்றால் என்ன ஆகும் என்பதைக் கேன்சஸ் காட்டியது. 1855 மார்ச் 30 அன்று அங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, கணக்கெடுப்பின்படி தகுதியுள்ள வாக்காளர்கள் ஏறத்தாழ 2,900 பேர். பதிவான வாக்குகளோ 6,300-க்கும் மேல். ஆயுதங்களோடு மிசௌரியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள் வாக்களித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அடிமை எதிர்ப்புக் குடியேறிகளுக்குப் பணம் திரட்டியவர்களில் ஒருவர் முன்பு சொன்ன ஏமஸ் லாரன்ஸ். அவர்கள் அமைத்த ஊருக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1856 மே 21 அன்று அடிமைமுறை ஆதரவாளர்கள் அந்த லாரன்ஸ் நகரைச் சூறையாடினார்கள்.

மறுநாள் வன்முறை செனட் மண்டபத்துக்குள்ளேயே வந்தது. கேன்சஸ் அநீதியைப் பற்றி மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் பேசிய கடுமையான உரையில் தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரை இழிவாகத் தாக்கியிருந்தார். பட்லரின் உறவினரான பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ், கூட்டம் முடிந்து தம் மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் அடித்தார். மேசை தரையோடு திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. கால்கள் அதனடியில் சிக்கிய சம்னர் அதைப் பெயர்த்துக்கொண்டு எழுந்து தடுமாறி விழுந்தார். தடி உடைந்த பிறகும் அடி ஓயவில்லை. சம்னர் முழுமையாகத் திரும்பிவர மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. புரூக்ஸ் பதவி விலகி, அதே தொகுதியில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தெற்கிலிருந்து அவருக்குப் புதிய கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள். என்னைப் பொறுத்தவரை அடியைவிட அந்தப் பரிசுகளே அஞ்சத்தக்கவை. அடுத்த இரண்டு நாளில், கேன்சஸில் ஜான் பிரவுனும் அவருடைய ஆட்களும் அடிமைமுறை ஆதரவுக் குடியேறிகள் ஐவரை இரவில் வீட்டிலிருந்து இழுத்து வந்து கொன்றார்கள்.

நாடாளுமன்றத்தால் முடியாததை நீதிமன்றம் தீர்க்கும் என்ற நம்பிக்கை எஞ்சியிருந்தது. டிரெட் ஸ்காட் என்ற அடிமையை அவருடைய உரிமையாளரான ஒரு ராணுவ மருத்துவர் இல்லினாய்க்கும், பிறகு இன்றைய மினசோட்டாவில் உள்ள ஸ்னெல்லிங் கோட்டைக்கும் கூட்டிச் சென்றிருந்தார். இரண்டும் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட நிலங்கள். அங்கே வாழ்ந்ததால் தாம் சுதந்திரமானவர் என்று ஸ்காட்டும், அவருடைய மனைவி ஹாரியட்டும் 1846-இல் செயின்ட் லூயிஸில் வழக்குத் தொடுத்தார்கள். 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி அளித்த தீர்ப்பு, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றும், பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னது. இதன் பொருள், குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கோரிக்கையே சட்டவிரோதம் என்பது. குடியேறிகள் முடிவு செய்யலாம் என்ற டக்ளஸின் கொள்கையும் ஆட்டம் கண்டது. நடுவழியில் நின்றவர்களுக்கு நிற்க இடம் இல்லாமற்போயிற்று.

அதன் பிறகு நிகழ்ச்சிகள் விரைந்தன. 1858-இல் செனட் இடத்துக்காக லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். டக்ளஸ் இடத்தைத் தக்கவைத்தார், லிங்கன் நாடறிந்தவரானார். 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் அடிமைகளுக்கு ஆயுதம் வழங்கும் நோக்கில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிப் பிடிபட்டு, டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். வடக்கில் சிலர் அவரைத் தியாகி என்றார்கள். அந்தச் சொல் தெற்கின் காதில் போர் அறிவிப்பாகவே விழுந்தது. 1860-இல் டெமாக்ரட் கட்சியும் இரண்டாகப் பிளந்து இரண்டு வேட்பாளர்களை நிறுத்தியது. நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான வாக்குகளோடு, பத்துத் தென்மாநிலங்களில் தம் பெயர் தாங்கிய வாக்குச்சீட்டே இல்லாமல், லிங்கன் வென்றார். தெற்கைத் திகைக்க வைத்தது இந்தக் கணக்குதான். ஐந்தில் மூன்று பங்கும் செனட் சமநிலையும் தந்த பாதுகாப்பு போய்விட்டது. தங்கள் ஒரு வாக்குகூட இல்லாமல் நாட்டை இனி ஆள முடியும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. அது வெளியிட்ட காரண அறிக்கையின் முதன்மையான குற்றச்சாட்டு, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரும் கடமையை வடமாநிலங்கள் நிறைவேற்றவில்லை என்பது. வடமாநிலங்கள் தங்கள் மண்ணில் தங்கள் சட்டப்படி நடந்துகொண்டதே இங்கே குற்றமாகச் சொல்லப்படுகிறது. மாநில உரிமைக்காகப் பிரிந்தோம் என்ற பிற்காலக் கூற்றை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் ஒன்றிப்போனது என்று மிசிசிப்பி எழுதியது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த புதிய கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ், வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமல்லர் என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசினார். தெற்கின் செனட்டர்கள் வெளியேறிய பின்பு, அந்த ஜனவரியில், கேன்சஸ் சுதந்திர மாநிலமாகச் சேர்ந்தது.

1820-இன் பழைய எல்லைக்கோட்டைப் பசிபிக் கடல்வரை நீட்டலாம் என்று கென்டக்கி செனட்டர் ஜான் கிரிட்டன்டன் ஒரு கடைசிச் சமரசத்தை முன்வைத்தார். வேறு பலவற்றில் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருந்த லிங்கன், அடிமைமுறை பரவுவதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தம் கட்சியினருக்கு எழுதினார். 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மத்திய அரசின் வசமிருந்த சம்டர் கோட்டை மீது கூட்டமைப்பின் பீரங்கிகள் முழங்கின. லிங்கன் 75,000 வீரர்களைக் கேட்டார். வர்ஜீனியா உட்பட மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன.

மே 23 இரவு, வர்ஜீனியாவில் கூட்டமைப்புப் படைக்காக அரண் கட்டும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் நீரைக் கடந்து, வடக்கின் வசமிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் வெள்ளைக் கொடியோடு ஓர் அதிகாரி வந்து, 1850-இன் சட்டப்படி அவர்களைத் திருப்பித் தருமாறு உரிமையாளரின் சார்பில் கேட்டார். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்று சொல்லிக்கொள்கிறது, வேற்று நாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிக் கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் மறுத்துவிட்டார். சில நாட்களிலேயே ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக மேலும் பலர் அந்தக் கோட்டை வாசலுக்கு வந்தார்கள்.